கிழக்கு முடியும் இடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை

என் தம்பி சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். பசிபிக் கடலில் போய்க்கொண்டிருந்த கப்பலில் அவனைக் காணவில்லை என்று கம்பெனிக்காரர்கள் போன் செய்தது ஒரு புதன்கிழமை காலையில். நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் ஆசிரியை. அன்று அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்ததால் போனைக் கைப்பையில் போட்டு ஆசிரியர் அறையில் வைத்திருந்தேன். தேர்வு முடிந்து வந்து பார்த்தால் தம்பி மனைவியிடமிருந்தும் சித்தப்பாவிடமிருந்தும் மாறி மாறி அழைப்புகள். சித்தப்பாவைக் கூப்பிட்டேன்.

"தம்பியக் காணலயாம்மா. கப்பல்ல தேடுதாங்களாம். நீ புறப்பட்டு வா," என்றார்.

கப்பலுக்குள் எங்கே போயிருப்பான் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. நடுக்கடலில் ஒருவனைக் காணவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்பது கடற்கரையில் பிறந்த எவருக்கும் தெரியும்.

எங்கள் ஊர் புன்னைக்காயல். தாமிரபரணி கடலில் சேருகிற இடம். பாளையங்கோட்டையிலிருந்து ஏரல் வழியாக ஆத்தூர் போய், அங்கே இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். ஏரல் பாலத்தில் பஸ் ஏறியபோது தம்பி மனைவி மறுபடியும் கூப்பிட்டாள். அழுகிற குரலாக இல்லை. அவசரமான குரல்.

"மைனி, அந்தக் கம்பெனிக்காரன் என்ன சொல்லுதான் தெரியுமா? செவ்வாய்க்கிழமை காலையில எட்டு மணிக்கு அவுக வேலைக்கு வரலையாம். அப்பமே காணலயாம். ஆனா நேத்து செவ்வாய்க்கிழமை சாயந்தரம் ஆறு மணிக்கு அவுக என்கிட்டப் பேசினாகளே மைனி! கோயில்ல திரிகால மணி அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. நல்லா ஞாபகம் இருக்கு. காலையில காணாமப் போனவுக சாயந்தரம் எப்படிப் பேசுவாக?"

பஸ்ஸின் இரைச்சலில் அவளை இரண்டு தடவை சொல்லச் சொன்னேன். இரண்டு தடவையும் அதையேதான் சொன்னாள். போனில் அழைப்பு வந்த நேரம் பதிவாகியிருப்பதைப் படம் பிடித்து அனுப்பினாள். செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு. என் நெஞ்சில் ஏறியிருந்த பாரம் சற்றே நகர்ந்தது. எங்கேயோ ஏதோ தப்பு நடந்திருக்கிறது; பேரைத் தவறாகச் சொல்கிறார்கள்; வேறு யாரோ. வேறு யாரோ ஒருவருடைய தம்பியாக இருக்கட்டும் என்று நினைத்ததை நான் மறைக்கப்போவதில்லை.

தம்பி எனக்கு எட்டு வயது இளையவன். அப்பா நெஞ்சுவலியில் போனபோது அவன் சிறு பையன். அதனால் அவனுக்கு அக்காவாக மட்டும் இருக்க எனக்கு வாய்க்கவில்லை. எங்கள் வீட்டு வாசலில் நின்றால் கிழக்கே கடல். அதற்கு அங்கிட்டு என்ன என்று ஓயாமல் கேட்பான். இலங்கை என்பேன். அதற்கு அங்கிட்டு? மலேசியா. அதற்கும் அங்கிட்டு? சூரியன் உதிக்கும் நாடு என்று பாடப்புத்தகத்தில் படித்திருந்ததால், ஜப்பானோடு கிழக்கு முடிந்துவிடுகிறது என்று சொல்லி வாயை மூடவைத்தேன்.

பின்னாளில் அவன் தூத்துக்குடியில் பயிற்சி முடித்துக் கப்பலேறி, முதல் தடவையாக ஜப்பான் துறைமுகத்திலிருந்து கூப்பிட்டான். "ஏக்கா, நீ சொன்னது பொய்யி. இங்கன இருந்து பாத்தா இதுக்கு அங்கிட்டும் கிழக்கு கெடக்கு," என்று சிரித்தான்.

அதன் பிறகு எந்தக் கடலிலிருந்து பேசினாலும் நேரத்தைச் சொல்லுவான். அவனுக்கு அது ஒரு விளையாட்டு. "உங்களுக்கு விடியுததுக்கு முந்தியே எனக்கு விடிஞ்சிரும், தெரியும்லா," என்பான். கடைசியாகப் போன கப்பல் ஜப்பானில் சரக்கை இறக்கிவிட்டுப் பசிபிக்கைக் குறுக்கே கடந்து தென் அமெரிக்காவுக்குப் போகிற கப்பல். அவனுக்குக் காலையில் எட்டிலிருந்து பன்னிரண்டு வரையும், இரவில் எட்டிலிருந்து பன்னிரண்டு வரையும் மேல்தளத்தில் நின்று கடலைக் கண்காணிக்கிற வேலை. 'வாட்ச்' என்பார்கள். இரவு வாட்ச் முடித்து இறங்கியதும் மனைவியைக் கூப்பிடுவான். எங்களுக்கு அது சாயந்தரமாக இருக்கும்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது முற்றம் நிறைய ஆட்கள். அம்மா சுவரில் சாய்ந்து, கையில் செபமாலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. தம்பி மனைவி ஓடிவந்து போனை என் கையில் வைத்தாள். அவள் மணப்பாட்டுக்காரி. கல்யாணமாகி இரண்டு வருஷம்தான். அதிலும் பாதி நாள் அவன் கடலில்.

"நீங்க படிச்சவுக. நீங்களே சொல்லுங்க மைனி. இது நடக்குத காரியமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கப்பல் ஜப்பானுக்கும் கிழக்கே போய்விட்டது. கிழக்கே போகப் போக நேரம் நமக்கு முந்தித்தான் ஓடும். அங்கே செவ்வாய்க்கிழமை காலை எட்டு என்றால் நமக்கு அப்போது செவ்வாய்க்கிழமை விடிந்தே இருக்காது. அப்படியானால் காணாமல் போனதாக அவர்கள் சொல்லுகிற நேரத்துக்கு முழுப் பகல் கழித்து அவன் வீட்டுக்குப் பேசியிருக்கிறான்.

"பொய் சொல்லுதானுவ," என்றார் சித்தப்பா. அப்பாவுக்கு இளையவர். வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவர். முட்டி தேய்ந்து போனதால் இப்போது ஏலக்கூடத்தில் ஏலம் கூறுகிறார். குரல் பெரிது. "என்னமோ நடந்திருக்கு. பயல அடிச்சு எங்கயாவது அடச்சுப் போட்டிருக்கானுவளோ, இல்ல ஏதாவது தீவுல எறக்கி விட்டுட்டானுவளோ. நாளும் நேரமும் சொல்லத் தெரியாம மாட்டிக்கிட்டானுவ."

அந்த ஒரு பேச்சில் வீட்டின் முகமே மாறியது. தம்பி மனைவி எழுந்துபோய் எல்லோருக்கும் கடுங்காப்பி போட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் கொண்டுவந்த சோற்றை வற்புறுத்தி அம்மாவுக்கு ஊட்டினாள். அம்மா இரண்டு வாய் வாங்கிக்கொண்டு, "கடல்ல போன பிள்ளைக்கு ஒரு பூச வைக்கச் சொல்லுங்க," என்றாள். இறந்தவர்களுக்குக் கோயிலில் வைக்கிற பூசையைத்தான் சொன்னாள்.

"அத்தே, அப்படிப் பேசாதீக," என்று அவள் சத்தம் போட்டாள். மாமியாரை அவள் சத்தம் போட்டு அன்றுதான் பார்த்தேன்.

கம்பெனிக்காரர்கள் மறுபடியும் பேசினார்கள். கப்பல் முழுக்கத் தேடினார்களாம். வந்த வழியே கப்பலைத் திருப்பிக் கடலிலும் தேடினார்களாம். அருகே இருந்த நாட்டுக்குச் சொல்லி விமானமும் வந்து பார்த்ததாம். சித்தப்பா போனை வாங்கி, "செவ்வாய்க்கிழமை சாயந்தரம் அவன் வீட்டுக்குப் பேசியிருக்கான். அதுக்குப் பதில் சொல்லும்வே முதல்ல," என்று கத்தினார். அந்தப் பக்கம் பேசியவருக்குத் தமிழ் சரியாக வரவில்லை. ஏதோ கப்பல் நேரம், இந்திய நேரம் என்றார். அது மழுப்பலாகத்தான் எங்களுக்குக் கேட்டது.

திங்கட்கிழமை தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கும் நாள். ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் போனோம். தம்பி மனைவி தன் போனைத் தூக்கிப் பிடித்துப் பத்திரிகைக்காரர்களிடம் அந்த நேரத்தைக் காட்டினாள். மறுநாள் இரண்டு பேப்பர்களில் படத்தோடு வந்தது. காணாமல் போனவர் பேசியது எப்படி என்று தலைப்பு. ஊரில் எல்லோரும் அதைப் படித்தார்கள்.

எனக்கு அப்போது ஒரு விஷயம் உறுத்தியது, ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு யோசிக்கவில்லை. ஊரில் கப்பல் வேலை பார்க்கிற பையன்கள் உண்டு. லீவில் வந்திருந்த இரண்டு பேர் முதல் நாள் வீட்டுக்கு வந்து நின்றார்கள். அதன் பிறகு வரவே இல்லை. வேனில் ஏறச் சொன்னபோது ஒருவன் காய்ச்சல் என்றான். இன்னொருவன் போனை எடுக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் கம்பெனியிடமிருந்து எழுத்தில் ஒரு விளக்கம் வந்தது. அதில் கப்பல் நின்ற இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகையாகக் கொடுத்திருந்தார்கள். தீர்க்கரேகைக்குப் பக்கத்தில் 'மேற்கு' என்று இருந்தது. சித்தப்பா அதைப் பார்த்துத் துள்ளினார்.

"கிழக்க போற கப்பலு மேக்க எப்படிவே போச்சு? இது ரெண்டாவது பொய்யி."

எங்களுக்காகப் பேச ஒப்புக்கொண்டிருந்த தூத்துக்குடி வக்கீல் இளைஞர். அவர் என்னிடம், "டீச்சர், நடந்ததை எல்லாம் கப்பல் நேரம், இந்திய நேரம் ரெண்டிலயும் வரிசையா எழுதிக் குடுங்க. அப்பதான் அவங்க சொல்றது பொய்ன்னு கையில பிடிச்ச மாதிரி காட்ட முடியும்," என்றார். சரி என்று பாளையங்கோட்டைக்குத் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, பள்ளியிலிருந்து எடுத்து வந்திருந்த பெரிய நிலவரைபடப் புத்தகத்தை மேசைமேல் விரித்தேன். கோபத்தோடுதான் உட்கார்ந்தேன். அவர்களுடைய பொய்யை மணிக்கணக்கோடு நிறுவிவிட வேண்டும் என்ற கோபம். ஜப்பானிலிருந்து விரலை வைத்துக் கிழக்கே நகர்த்தினேன். நூற்று ஐம்பது, நூற்று அறுபது, நூற்று எழுபது. கம்பெனி சொன்ன இடம் வரவில்லை. நூற்று எண்பதில் புத்தகத்தின் பக்கம் முடிந்தது. அதற்கடுத்த கடலைப் பார்க்க முதல் பக்கத்துக்குப் போக வேண்டும். அங்கே எண்கள் குறையத் தொடங்குகின்றன. மேற்கு என்ற எழுத்தோடு.

விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆறாம் வகுப்புக்கு வருஷா வருஷம் நான் நடத்துகிற பாடம் அது. பூமி உருண்டை, அதற்குக் கிழக்குக் கோடி என்று ஒன்று கிடையாது, மனிதர்கள் பார்த்து ஓரிடத்தில் கோடு போட்டிருக்கிறார்கள். கிழக்கு நோக்கி எண்ணிக்கொண்டே போனால் நூற்று எண்பதில் கிழக்கு தீர்ந்து மேற்கு ஆரம்பிக்கும். அங்கேதான் தேதியும் மாறும். பிள்ளைகள் சிரிக்க வேண்டும் என்பதற்காகச் சில விஷயங்களைச் சேர்த்துச் சொல்வேன். ஃபிஜியில் ஒரு தீவின்மேலேயே அந்த நூற்று எண்பது ஓடுகிறது; ஒரு தீவு நாடு, தன் தீவுகள் எல்லாவற்றிலும் ஒரே கிழமை இருக்க வேண்டும் என்று தேதிக் கோட்டையே கிழக்கே தள்ளி வளைத்துக்கொண்டது; அமெரிக்காவின் குட்டித் தீவு ஒன்று நூற்று எண்பதுக்கு இந்தப் பக்கம் கிடக்கிறது, ஆகவே மேற்கே இருக்கிற அமெரிக்காவுக்குக் கிழக்கிலும் ஒரு துண்டு நிலம் சொந்தம் என்பேன். அப்புறம் கேள்வி. கிழக்கே போகிற கப்பல் கோட்டைத் தாண்டினால் என்னாகும்? தேதியை ஒரு நாள் பின்னால் தள்ளி வைப்பார்கள் டீச்சர், நடந்த நாளே இன்னொரு தடவை வரும் டீச்சர் என்று கோரஸாகச் சொல்லுவார்கள்.

அவனுடைய கப்பல் கோட்டைத் தாண்டியிருந்தது. அதுவரை எங்களுக்கு முந்தி ஓடிக்கொண்டிருந்தவன், தாண்டிய அந்த நொடியில் எங்களுக்குப் பிந்திப் போய்விட்டான். கப்பலில் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி என்பது எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை விடியுமுன் இல்லை. புதன்கிழமை விடியுமுன். அவன் மனைவியோடு பேசிய நேரம் அங்கே திங்கள் நள்ளிரவு தாண்டிச் செவ்வாய் பிறந்திருந்தது. வாட்ச் முடித்து இறங்கி, வழக்கம்போலக் கூப்பிட்டிருக்கிறான். அதற்குப் பிறகு, அடுத்த வாட்சுக்கு முன்னால், போயிருக்கிறான்.

கம்பெனிக்காரர்கள் பொய் சொல்லவில்லை. எங்களிடம் இருந்த ஒரே ஆதாரம், அவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கான ஒரே ஆதாரம், ஒன்றுமில்லை என்றாகிவிட்டது.

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எங்கேயாவது தப்பு வராதா என்று கணக்குப் போட்டது அன்று ஒரு நாள்தான். வரவில்லை. என் கணவர் சாப்பிடக் கூப்பிட்டார். நான் புத்தகத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் பக்கத்தை ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, "அந்தப் பிள்ளைகிட்ட இத யாரு சொல்லுதது?" என்றார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். வீட்டுக்குப் போகாமல் முதலில் ஏலக்கூடத்துக்குப் போனேன். ஏலம் முடிந்து தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகியது.

"அன்னைக்கு நீதான முந்தின்னு சொன்ன?"

"சொன்னேன் சித்தப்பா. கோட்டத் தாண்டினதை நான் யோசிக்கல."

"கடல்ல எங்கன இருக்கு கோடு? நானும் முப்பது வருசம் கடலுக்குப் போனவன்தான். எவன் போட்டான் கோடு?"

"தாள்ல போட்டது. ஆனா எல்லாக் கப்பலும் அதுக்குத்தான் நாளை மாத்துது."

அவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "சரி. அப்படியே இருக்கட்டும். அத நாம எதுக்குச் சொல்லணும்? கம்பெனி வக்கீலு சொல்லட்டும். இந்த ஒரு பாயிண்டுக்காகத்தான் பேப்பர்க்காரன் வாரான், கலெக்டர் ஆபீசுல உக்கார வச்சுப் பேசுதான். அத எடுத்துட்டா நம்மகிட்ட என்ன இருக்கு?"

"அவங்களுக்குத் தெரியாம இருக்குமா? கப்பல் ஓட்டுதவங்க. நாம பொய் சொல்லுதோம்னு ஆயிரும்."

"பிள்ளையத் தொலச்சவங்க நாம. நாம பொய் சொன்னா ஆயிட்டுப் போவுது," என்று எழுந்து போய்விட்டார். நான் கூப்பிட்டும் திரும்பவில்லை.

வீட்டில் தம்பி மனைவி குசினியில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மகிழ்ச்சியாகத்தான் வந்தாள். வக்கீலுக்கு எழுதிவிட்டீர்களா என்று கேட்டாள். நான் அவளைக் கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னேன். பைய, ஒன்றொன்றாகச் சொன்னேன். அவள் ப்ளஸ் டூ வரை படித்தவள். குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும் ஒரு தடவை, "அப்பம் அங்கன செவ்வாய்க்கிழமை நமக்குப் புதன்கிழமையா?" என்று மட்டும் உறுதிப்படுத்திக்கொண்டாள்.

பிறகு சொன்னாள்: "அவுக சொன்னாக மைனி."

"என்ன சொன்னான்?"

"கிழக்கு முடிஞ்சு போச்சு, இனிமே மேக்கதான்னு சிரிச்சாக. திங்கக்கிழமை ரெண்டு தடவ வந்துச்சு, ரெண்டு நாளும் அதே கோழிக் கொழம்புன்னாக. லைன் வெட்டி வெட்டி வந்துச்சு. என்னமோ கேலி பண்ணுதாகன்னு நெனச்சேன். எனக்கு வெளங்கல."

"அப்ப நான்தான் கடைசியாப் பேசினேனா?" என்றாள்.

"கப்பல்ல யார்கிட்டயாவது பேசியிருப்பான்," என்றேன்.

"இல்ல மைனி. என்கிட்டப் பேசிட்டு நேரா படுத்திருவாக. எப்பவும் அப்படித்தான்." அவள் கைகள் சேலைத் தலைப்பைப் பிசைந்துகொண்டிருந்தன. "அடுப்புல கொழம்பு அடிப்பிடிக்குத வாசம் வந்துச்சு. நாளைக்குப் பேசுங்கன்னு சொல்லி நான்தான் வச்சேன். இன்னும் என்னமோ சொல்ல வந்தாக. சரி, போய்ப் பாருன்னாக. நான் வச்சிட்டேன்."

அப்போதுதான் அழுதாள். செய்தி வந்த நாளிலிருந்து அழாதவள், குசினித் தரையில் உட்கார்ந்து அழுதாள். அம்மா உள்ளிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அலசாத மீனில் ஈ மொய்த்தது. நான் அதை எடுத்து மூடி வைத்தேன். செய்வதற்கு வேறு ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை.

அன்று மாலை சித்தப்பா வந்து, மனுவிலிருந்து அதை எடுக்கக்கூடாது என்று மறுபடி சொன்னபோது அவள்தான் பதில் சொன்னாள்.

"எடுத்திருங்க மாமா. இல்லாதத வச்சுக் கேட்டா இருக்குததையும் சொல்லமாட்டாங்க. அவுக எப்படி விழுந்தாக, அங்கன வெளிச்சம் இருந்துச்சா, கம்பி சரியா இருந்துச்சா, அவுகளுக்கு ஒடம்பு சரியில்லாம இருந்துச்சா, அதக் கேளுங்க."

அப்படியே கேட்டோம். வக்கீல் மனுவைத் திருத்தி எழுதினார். ஆனால் நடந்தது வேறு. பேப்பர்க்காரர்கள் திரும்பி வரவில்லை. ஆட்சியர் அலுவலகத்தில் எங்களைப் பார்த்த அதிகாரி, "அதான் விளங்கிட்டுல்லா, தேதிக் குழப்பம்தானே?" என்று கேட்டு ஃபைலை மூடினார். எல்லாமே அந்த ஒரு குழப்பம்தான், அது தீர்ந்ததும் எல்லாம் தீர்ந்தது என்பதுபோல இருந்தது அவர் பேச்சு. மற்றக் கேள்விகள் அப்படியே கிடந்தன. கம்பெனியிலிருந்து நீளநீளமாகப் பதில் வந்தது. கம்பிகள் சரியாக இருந்தன. கடல் அமைதியாக இருந்தது. அவன் நன்றாகத்தான் இருந்தான். யாரும் எதையும் பார்க்கவில்லை. நல்ல கம்பி, அமைதியான கடல், நன்றாக இருந்த ஆள். அப்படியானால் எப்படி? அதற்குப் பதில் இல்லை. சித்தப்பா சொன்னது சரியாகப் போய்விட்டதோ, அந்த ஒரு பாயிண்டை விடாமல் வைத்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் நெருக்கியிருக்கலாமோ என்று எனக்கு இன்றும் தோன்றுவதுண்டு.

லீவில் வந்திருந்த கப்பல்காரப் பையன்களில் ஒருவனை ஆத்தூர் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். அவன் நழுவப் பார்த்தான். நான் நிறுத்தினேன்.

"ஏலே, உனக்கு அன்னைக்கே தெரியும்தானே?"

தலையைக் குனிந்துகொண்டான். "தெரியும்க்கா. கேட்ட ஒடனே தெரிஞ்சு போச்சு. உங்க வீட்டுல அந்தக்கா அப்படிக் காப்பி போட்டுக் குடுத்துக்கிட்டு நிக்கும்போது எப்படிச் சொல்ல? வாய் வரல."

அவனைத் திட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன். திட்ட முடியவில்லை. அவன் பஸ்ஸும் வந்துவிட்டது.

பூசை வைக்கத் தம்பி மனைவி சம்மதித்தாள். உடல் இல்லாத பூசை. பங்குச்சாமியார் கோயிலில் வாசிப்பதற்காக இறந்த நாள் கேட்டார். நான் இரண்டையும் சொன்னேன். காணவில்லை என்று தெரிந்த நேரம் அங்கே செவ்வாய், நமக்குப் புதன். அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "அவன் இருந்த எடத்துக் கணக்கையே வச்சுக்குவோம்," என்று செவ்வாய் என எழுதிக்கொண்டார். சித்தப்பா பூசைக்கு வந்தார். பின்வரிசையில் நின்றுவிட்டு, முடிந்ததும் என் பக்கம் பாராமல் போனார்.

இரண்டு மாதம் கழித்து அவனுடைய சாமான்கள் வந்தன. ஒரு பெரிய பையும் ஒரு அட்டைப்பெட்டியும். தம்பி மனைவி பையைத் திறந்தாள். சட்டைகள், பனியன்கள், கைலி, முகம் துடைக்கிற ஒரு லேஞ்சி என்று எல்லாவற்றையும் துவைத்து, இஸ்திரி போட்டு, கடையில் வாங்கியதுபோல மடித்து வைத்திருந்தார்கள். கப்பலில் கூட வேலை பார்த்தவர்கள் மரியாதையாகச் செய்திருக்க வேண்டும். அவள் ஒரு சட்டையை எடுத்து முகத்தில் வைத்தாள். எடுத்தாள். வேறொன்றை வைத்துப் பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்திருக்கும்.

"எதுக்குத் தொவச்சானுவ?" என்று கேட்டாள். "இவனுவள யாரு தொவைக்கச் சொன்னா?"

அதுவரை கம்பெனியின்மேல்கூட அவளுக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. சட்டைகளை அள்ளிப் பைக்குள் திணித்தாள். அம்மா அவற்றைப் பிறகு எடுத்து மறுபடி மடித்து அலமாரியில் வைத்தாள்.

அவள் அந்த வீட்டில் ஒரு வருஷம் இருந்தாள். தாலியைக் கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அவளும் கழற்றவில்லை. இறப்புச் சான்றிதழ் வரவில்லை. உடல் கிடைக்காதவர்களுக்கு அது எளிதில் வராது என்று வக்கீல் சொன்னார். பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று ரேஷன் கடையில் அவளிடம் கேட்டபோது, பழையபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்ததாக என்னிடம் சொன்னாள். நான் ஊருக்குப் போகிற நாட்களில் ராச்சாப்பாடு முடிந்து பாத்திரம் தேய்க்கும்போது அவள் கேட்பதற்கு எப்போதும் ஒரே கேள்விதான் இருந்தது.

"அவுக தானா விழுந்தாகளா மைனி? இல்ல, வேணும்னே…?"

"தெரியல."

"என்கிட்டச் சிரிச்சுத்தான் பேசினாக."

"ஆமா."

"சிரிச்சுப் பேசினவுக அப்படிச் செய்வாகளா?"

நான் என்ன சொன்னாலும் அது பொய்யாகிவிடும் என்று தோன்றும். பாத்திரத்தை வாங்கிக் கழுவுவேன்.

ஒருநாள், மணப்பாட்டுக்கே போய்விடுகிறேன் என்றாள். அங்கே அவள் அம்மா வீட்டுப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் ஆள் கேட்டிருக்கிறார்கள். எங்கள் அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "அவன் வீட்ட விட்டுட்டா போற?" என்று கேட்டாள். அவள் அம்மாவின் காலடியில் போய் உட்கார்ந்தாள். கடைசியில் அம்மாவே எழுந்துபோய் அவளுடைய சேலைகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

புறப்பட்ட அன்று சித்தப்பா ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தார். என்னிடம் அவர் பேசி வெகு நாளாகியிருந்தது. பெட்டிகளை அவரே தூக்கி வைத்தார். முட்டி வலியில் ஒவ்வொரு தடவையும் முனகினார். நான் கைகொடுக்கப் போனபோது வேண்டாம் என்று தலையாட்டினார். எல்லாம் ஏற்றி முடிந்ததும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"காலையில ஏதும் சாப்பிட்டியா?"

"இல்ல சித்தப்பா."

"ஏறு. போற வழியில ஆத்தூர்ல இட்லி தின்னுக்கிடலாம்," என்றார்.

மூன்று பேரும் ஆத்தூரில் இறங்கி இட்லி சாப்பிட்டோம். தம்பி மனைவி இரண்டு இட்லி சாப்பிட்டாள். சித்தப்பா இன்னொன்று வைக்கச் சொல்லி அவள் இலையில் தள்ளினார். அவள் வேண்டாம் என்று சொல்லாமல் அதையும் சாப்பிட்டாள். பிறகு அவர்கள் மணப்பாட்டுக்குப் போனார்கள், நான் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினேன்.